கேள்வி மாறினா சதவீதமும் மாறும்: வாசகர் கேள்வி பதில்

பூமி சூடாகுறதைப் பத்தி அமெரிக்க மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் ஒரே சந்தேகம்தான் சுத்திச் சுத்தி வருது, ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்களே எதை நம்புறதுன்னு. அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

ஒரு பள்ளி ஆசிரியை, மதுரை: அமெரிக்கர்கள்ல பாதிப் பேர்தான் மனுஷனாலதான் காலநிலை மாறுதுன்னு ஒத்துக்கிறாங்கன்னு ஒரு செய்தி படிச்சேன். இன்னொண்ணுல பத்துல ஏழு பேர்னு இருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல வந்தது. இதுல எது பொய்?

ரெண்டுமே பொய் இல்லாம இருக்கலாம் டீச்சர். இதே சந்தேகம் அங்க இருக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்துச்சு. 2019ல மேத்யூ மோட்டாவும் அவரோட சேர்ந்த மூணு பேரும் ஒரு வேலை பண்ணினாங்க, ஒரே சமயத்துல ஆட்களைக் குலுக்கல் முறையில பல குழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு குழுகிட்டயும் ஒரே விஷயத்தை வேற வேற விதமா கேட்டாங்க. மனுஷனால காலநிலை மாறுதுன்னு நம்புறவங்க ஒரு விதமா கேட்டா 50 சதவீதம், இன்னொரு விதமா கேட்டா 71 சதவீதம். குடியரசுக் கட்சிக்காரங்களை மட்டும் தனியா எடுத்தா 29ல இருந்து 61 வரைக்கும் போகுது. அதாவது அந்தக் கட்சில மூணுல ஒருத்தருக்கும் குறைவாத்தான் நம்புறாங்கன்னும் எழுதலாம், பெரும்பான்மை நம்புதுன்னும் எழுதலாம், ரெண்டுக்கும் ஆதாரம் காட்டலாம்.

அவங்க மாத்தினது மூணே விஷயம். முதலாவது, கேள்விக்கு முன்னாடி விளக்கம் குடுக்கிறதா வேண்டாமான்னு. யேல் யூனிவர்சிட்டி ஆட்கள் வருஷக்கணக்கா எடுத்துட்டு வர்ற சர்வேல முதல்ல ஒரு சின்ன பாரா வரும், உலகத்தோட சராசரி வெப்பநிலை கடந்த 150 வருஷமா கூடிட்டே வந்திருக்கு, இனிமேலும் கூடலாம், அதனால காலநிலை மாறலாம், இந்தக் கருத்தைத்தான் குளோபல் வார்மிங்னு சொல்றாங்கன்னு, அதுக்கப்புறம்தான் இது நடக்குதுன்னு நினைக்கிறீங்களான்னு கேப்பாங்க. வேற சர்வேக்கள்ல இந்தப் பாரா இருக்காது. ரெண்டாவது, "தெரியாது"ன்னு ஒரு ஆப்ஷன் குடுக்கிறதா இல்லையா. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. காரணம் என்ன, மனுஷனா இயற்கையான்னு ரெண்டையும் முன்னாடி வச்சு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்றீங்களா, இல்ல மனுஷன்தான் காரணம்னு நீங்களே ஒரு வாக்கியத்தைச் சொல்லிட்டு, ஒத்துக்கிறீங்களா இல்லையான்னு கேக்குறீங்களா?

ஏன்னா ஒத்துக்கிறீங்களான்னு கேட்டா மனுஷங்க பாதி நேரம் தலையாட்டிடுவாங்க. இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சது இல்ல. 1970கள்ல ஹோவர்ட் ஷூமன், ஸ்டான்லி பிரெஸ்ஸர்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. நாட்டுல குற்றம் பெருகுறதுக்கு சமூகச் சூழலை விட தனிமனுஷங்கதான் காரணம்னு சொல்லி ஒத்துக்கிறீங்களான்னு கேட்டா கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஆமான்னாங்க. இன்னொரு குழுகிட்ட அப்படியே திருப்பிப் போட்டு, தனிமனுஷங்களை விட சமூகச் சூழல்தான் காரணம்னு சொன்னா அதுக்கும் கிட்டத்தட்ட 57 சதவீதம் ஆமா! நேர் எதிரான ரெண்டு கருத்துக்கும் மெஜாரிட்டி. அந்த மாதிரி எடுத்த ஒரு நம்பரை மட்டும் தனியா வச்சுட்டு யாராவது கட்டுரை எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, 50ஆ 71ஆன்னு திருப்பிக் கேப்பீங்க. என் அபிப்பிராயம் இதுதான். நூறுல ஐம்பது பேர், தப்பிக்க வழி குடுத்தாலும் தானாவே இதுதான்னு சொல்றவங்க. 71ல மிச்சம் இருபத்தோரு பேர் எதிராளி இல்ல, நீங்க சொன்னா சரிங்குறவங்க, தெரியாதுன்னு சொல்ல இடம் குடுத்தா அங்க போயிடுறவங்க. யார்கிட்ட போய்ப் பேசணும்னு தெரிஞ்சுக்க அந்த இருபத்தோரு பேரைப் பத்தின தகவல்தான் ரொம்ப உபயோகம், ஆனா எந்தச் செய்திலயும் அவங்க வர்றதே இல்ல, ஏதோ ஒரு நம்பர் மட்டும்தான் தலைப்புல வருது.

ஒரு வாசகர், கோயம்புத்தூர்: குளோபல் வார்மிங், கிளைமேட் சேஞ்ச், ரெண்டும் ஒண்ணுதானே? பேர் மாறினா ஜனங்க கருத்து மாறுமா?

விஞ்ஞானத்துல ரெண்டும் ஒண்ணு இல்ல, சூடாகுறதால நடக்குற எல்லாத்தையும் சேர்த்துத்தான் கிளைமேட் சேஞ்ச்னு சொல்றாங்க. ஆனா பேச்சு வழக்குல ஒண்ணாத்தான் புழங்குது. கருத்து மாறுமான்னா, சில பேருக்கு மாறும்.

2011ல மிச்சிகன் யூனிவர்சிட்டில ஷுல்ட், கான்ராத், ஷ்வார்ஸ் மூணு பேரும் ரெண்டாயிரத்துக்கு மேல அமெரிக்கர்களை வச்சு எடுத்த சர்வே இதுல ரொம்பப் பிரபலம். குளோபல் வார்மிங்னு போட்டுக் கேட்டா குடியரசுக் கட்சிக்காரங்கள்ல 44 சதவீதம் பேர்தான் இது நடக்குதுன்னாங்க, கிளைமேட் சேஞ்ச்னு போட்டா 60 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரங்க அசையவே இல்ல, ரெண்டுலயும் 86, 87 தான். இதைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க, ஆனா அந்தக் கேள்வியை முழுசா எடுத்துப் படிச்சா இன்னொண்ணு தெரியும். ஒரு குழுகிட்ட, உலக வெப்பநிலை கடந்த 100 வருஷமா "கூடிட்டு வந்திருக்கலாம்"னு ஒரு கருத்து இருக்கு, இதை குளோபல் வார்மிங்னு சொல்வாங்கன்னு கேட்டிருக்காங்க. இன்னொரு குழுகிட்ட வெப்பநிலை "மாறிட்டு வந்திருக்கலாம்"னு போட்டு கிளைமேட் சேஞ்ச்னு கேட்டிருக்காங்க. பேர் மட்டும் மாறல பாருங்க, சொன்ன விஷயமே கொஞ்சம் மாறியிருக்கு. கூடியிருக்குன்னு ஒத்துக்கணும்னா ஒரு பக்கம் நின்னாகணும், மாறியிருக்குன்னு சொல்ல யாருக்கும் பெருசா தயக்கம் இருக்காது. சூடாகுதுன்னு சொன்னா, பனி கொட்டுற நாட்டுல இருக்கிறவர் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு எங்க சூடாகுதுன்னு கேப்பார். ஜிம் இன்ஹோஃப்னு ஒரு செனட்டர் 2015 பிப்ரவரில செனட் சபைக்குள்ளயே ஒரு பனி உருண்டையைக் கொண்டு வந்து காட்டி அதைத்தான் பண்ணினார்.

அரசியல்வாதிகளுக்கு இது ஆராய்ச்சிக்கு முன்னாடியே தெரியும். ஃபிராங்க் லன்ட்ஸ்னு குடியரசுக் கட்சிக்கு ஆலோசனை சொல்ற கருத்துக்கணிப்பு ஆள், புஷ் ஆட்சி சமயத்துல ஒரு ரகசிய குறிப்பு எழுதிக் குடுத்தார். குளோபல் வார்மிங்னா பேரழிவு ஞாபகம் வருது, கிளைமேட் சேஞ்ச்னா அவ்வளவு பயம் வராது, அதனால அதைச் சொல்லுங்கன்னு. அந்தக் குறிப்பு 2003 வாக்குல வெளிய வந்து பெரிய பேச்சாச்சு. அவரே 2019ல செனட்ல ஜனநாயகக் கட்சிக் குழு முன்னாடி வந்து, அப்போ நான் சொன்னது தப்பு, 18 வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இனிமேல் பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

ஆனா ஒண்ணு. பேரை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு நம்பி "கிளைமேட் எமர்ஜென்சி", "கிளைமேட் கிரைசிஸ்"னு புதுசு புதுசா பேர் வச்சாங்க. அமெரிக்கால ஐயாயிரம் பேருக்கு மேல வச்சு எடுத்து 2024ல வந்த ஒரு ஆய்வுல, அந்தப் புதுப் பேருங்க பழசை விட ஒண்ணும் அதிகமா கவலையைக் கூட்டலன்னு தெரிஞ்சுச்சு. பழகின பேர்தான் ஜனங்களுக்குச் சுலபமாப் புரியுது.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்: அப்போ சர்வே எல்லாமே ஏமாத்து வேலைதானே?

அப்படி முடிவு கட்டிடாதீங்க ஐயா. 1992ல அமெரிக்கால ரோப்பர்னு ஒரு நிறுவனம் எடுத்த சர்வேல, நாஜிக்கள் யூதர்களைக் கொன்னு குவிச்சது நடக்கவே இல்லங்கிறது சாத்தியம்னு 22 சதவீதம் பேர் சொன்னதா வந்து நாடே அதிர்ச்சி ஆயிடுச்சு. பாத்தா, கேள்விக்குள்ளயே ரெட்டை எதிர்மறை, "நடக்கவே இல்லங்கிறது சாத்தியமா, சாத்தியமே இல்லையா"ன்னு. பதில் சொன்னவங்கள்ல பல பேருக்கு எதுக்கு ஆமா சொல்றோம்னே புரியல. அதே நிறுவனம் 1994ல கேள்வியை நேராக்கித் திருப்பிக் கேட்டுச்சு, 1 சதவீதம் அளவுக்கு இறங்கிடுச்சு. தப்பைக் கண்டுபிடிச்சதும் இன்னொரு சர்வே எடுத்துத்தான்.

ஒரு கல்லூரிப் பேராசிரியர், திருநெல்வேலி: அமெரிக்க மக்கள்ல 1 சதவீதம் பேருக்குத்தான் சுற்றுச்சூழல் முக்கியமான பிரச்சனையாப் படுதுன்னு ஒரு கூட்டத்துல பேசினாங்க. அவ்வளவுதானா அக்கறை?

இந்த 1 சதவீதம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துற நம்பர் சார். ஏன்னா இதை வச்சு, ஜனங்களே கவலைப்படல நாங்க ஏன் சட்டம் போடணும்னு சொல்ற அரசியல்வாதிங்க எங்கயும் இருக்காங்க.

இந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. அமெரிக்கால பல வருஷமா ஒரு கேள்வி கேப்பாங்க, "இன்னைக்கு இந்த நாட்டுக்கு இருக்கிற மிக முக்கியமான பிரச்சனை எது?" ஆப்ஷன் எதுவும் கிடையாது, மனசுல வர்றதைச் சொல்லணும். வேலை இல்ல, விலைவாசி, போர்னு சொல்வாங்க, வேற என்ன சொல்வாங்க? ஸ்டான்ஃபோர்ட்ல ஜான் க்ராஸ்னிக்னு ஒரு பேராசிரியர், அவரோட குழு இந்தக் கேள்வியையே ஒவ்வொரு துண்டா மாத்திப் பாத்தாங்க. "நாடு"ங்கிற இடத்துல "உலகம்", "இன்னைக்கு"ங்கிற இடத்துல "எதிர்காலத்துல", அப்புறம் கடைசில "தடுக்க எதுவுமே பண்ணாம விட்டா"ன்னு ஒரு வால். இவ்வளவையும் போட்டுக் கேட்டதும் 1 சதவீதம் சுற்றுச்சூழல்னு சொன்ன இடத்துல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அதையே சொன்னாங்க, வேற எந்தப் பிரச்சனையையும் விட அதிகமா.

ரெண்டாவது கேள்வி ஒருதலைப்பட்சம்னு சில பேர் சொல்வாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. எதிர்காலம்னு சொன்னதும் மனசு தானா சுற்றுச்சூழல் பக்கம் போகும். ஆனா முதல் கேள்வியும் நடுநிலை கிடையாது சார். அவசரமான கஷ்டத்தை மட்டும் அது பொறுக்கி எடுக்குது. வாடகை குடுக்க முடியாதவர் இன்னைக்கு வாடகையைத்தான் சொல்வார், அதுக்காக அவர் பேரன் வாழப்போற ஊரைப் பத்திக் கவலையே இல்லன்னு அர்த்தமா?

க்ராஸ்னிக் 2010ல இன்னும் ரெண்டு கேள்வியைப் பிடிச்சார். அந்தச் சமயத்துல பியூ ஆராய்ச்சி மையத்தோட சர்வே ஒரே செய்தியா ஓடிட்டு இருந்துச்சு, பூமி சூடாகுறதுக்கு உறுதியான ஆதாரம் இருக்குன்னு சொல்றவங்க 2008 ஏப்ரல்ல 71 சதவீதம், 2009 அக்டோபர்ல 57. அமெரிக்கர்கள் நம்பிக்கையை இழந்துட்டாங்கன்னு தலைப்பு. கேள்வி எப்படி ஆரம்பிக்குதுன்னா, "நீங்க படிச்சது, கேட்டது எல்லாத்தையும் வச்சு" உறுதியான ஆதாரம் இருக்கா இல்லையா? இது ஜனங்க என்ன நம்புறாங்கன்னு கேக்கல, செய்தில என்ன வருதுன்னு கேக்குதுன்னார் அவர். அதே மாதிரி கேலப்ங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனத்தோட சர்வே, செய்திகள்ல பூமி சூடாகுறதோட தீவிரத்தை மிகைப்படுத்துறாங்களான்னு கேட்டதுக்கு 2010 மார்ச்ல 48 சதவீதம் ஆமான்னாங்க. நிலைமை மோசம்னு முழுசா நம்புறவர் கூட டிவிக்காரங்க மிகைப்படுத்துறாங்கன்னு சொல்லலாமே! 2010 ஜூன்ல க்ராஸ்னிக் சுத்தி வளைக்காம, உங்க சொந்தக் கருத்து என்ன, கடந்த 100 வருஷத்துல சூடு கூடியிருக்கும்னு நினைக்கிறீங்களான்னு கேட்டார், 74 சதவீதம் ஆமான்னாங்க. அவர் கணக்குலயும் முந்தின வருஷங்களை விட கொஞ்சம் இறக்கம்தான், அதை அவர் மறைக்கல. ஆனா நம்பிக்கை சரிஞ்சு விழுந்துடுச்சுங்கிற கதைக்கு அங்க இடம் இல்ல.

ஒரு வாசகி, சென்னை: பூமி சூடாகுறதைத் தடுக்க காசு குடுக்கத் தயார்னு சர்வேல சொல்றாங்க, அதுக்கான வரி ஓட்டுக்கு வந்தா தோத்துடுதே, ஏன்?

ஏன்னா சர்வேல பில் வராது. 2024ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல 125 நாட்டுல 1,30,000 பேர்கிட்ட, பூமி சூடாகுறதைத் தடுக்க மாசாமாசம் வீட்டு வருமானத்துல 1 சதவீதம் குடுப்பீங்களான்னு கேட்டாங்க, 69 சதவீதம் சரின்னாங்க. மத்தவங்க எத்தனை பேர் குடுப்பாங்கன்னு நினைக்கிறீங்கன்னு கேட்டா 43 சதவீதம்னுதான் யூகிச்சாங்க, அதாவது நம்ம பக்கத்து வீட்டுக்காரரை நாம குறைச்சு எடை போடுறோம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு. ஆனா அந்தக் கேள்வில காசு யார்கிட்ட போகும், எப்படிப் பிடிப்பாங்கன்னு எதுவும் கிடையாது. அமெரிக்கால 2018ல ஏபி செய்தி நிறுவனம், சிகாகோ யூனிவர்சிட்டி சேர்ந்து எடுத்ததுல கரண்ட் பில்லோட மாசம் 1 டாலர்னு சொன்னா 57 சதவீதம் ஆதரவு, 40 டாலர்னு சொன்னா 23 சதவீதம். தொகையைச் சொல்லாத கேள்விக்கு வர்ற ஆதரவை நான் பாதியாத்தான் எடுத்துப்பேன்.

வரிங்கிற பேரும் ஒரு காரணம். 2010ல கொலம்பியா யூனிவர்சிட்டில ஹார்டிஸ்டி, ஜான்சன், வெபர் மூணு பேரும் விமான டிக்கெட்டை வச்சு சோதிச்சாங்க. கொஞ்சம் விலை கூடின டிக்கெட், அந்தக் கூடுதல் காசு கார்பனைக் குறைக்கப் போகும், எல்லாம் ஒண்ணுதான், ஆனா ஒரு குழுவுக்கு அதை கார்பன் வரின்னும் இன்னொரு குழுவுக்கு கார்பன் ஈடு, அதாவது நாம விட்ட புகைக்குச் சரிக்கட்டுற காசுன்னும் சொன்னாங்க. ஜனநாயகக் கட்சிக்காரங்களுக்கு வித்தியாசமே தெரியல, குடியரசுக் கட்சிக்காரங்களும் கட்சி சாராதவங்களும் வரின்னதும் பின்வாங்கிட்டாங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டோ என்னவோ, வாஷிங்டன் மாநிலத்துல 2016ல கார்பன் வரி மக்கள் ஓட்டுல தோத்ததும், 2018ல வந்த வேற திட்டத்துக்கு மாசு கட்டணம்னு பேர் வச்சாங்க. எண்ணெய் கம்பெனிங்க பெரும்பங்கு போட்டு மூணு கோடி டாலருக்கு மேல எதிர்ப் பிரச்சாரத்துக்குக் கொட்டினாங்க, அதுவும் தோத்துச்சு, ஆமான்னு விழுந்தது 43 சதவீதம்தான். சர்வேக்காரர் கேள்வியை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுவார், தேர்தல்ல எதிராளி அதே கேள்வியை தினமும் டிவில வேற மாதிரி கேட்டுட்டே இருப்பார்.

ஒரு விவசாயி, ஒரத்தநாடு: நம்ம நாட்டுல இந்த மாதிரி கேக்குறாங்களா?

கேட்டிருக்காங்க அண்ணே. 2007, 2008ல கேலப் உலகம் முழுக்கக் கேட்டப்போ நம்ம நாட்டுல 65 சதவீதத்துக்கும் மேல கிளைமேட் சேஞ்ச்னு கேள்விப்பட்டதே இல்லன்னாங்க. யேல் ஆட்கள் 2011ல நாலாயிரம் பேர் கிட்ட எடுத்ததுல 41 சதவீதம் பேர் குளோபல் வார்மிங்னு கேள்விப்பட்டதில்ல, இல்ல தெரியாதுன்னாங்க, ஆனா இன்னது இதுன்னு ஒரு சின்ன விளக்கம் சொன்னதும் 72 சதவீதம் ஆமா நடக்குதுன்னாங்க. 2022ல வந்த ரிப்போர்ட்ல விளக்கத்துக்கு அப்புறம் 84 சதவீதம், அதே ரிப்போர்ட்ல 54 சதவீதம் பேர் கொஞ்சம்தான் தெரியும் இல்ல கேள்விப்பட்டதே இல்லன்னும் சொல்லியிருக்காங்க.

இதை ரெண்டு விதமாவும் திரிக்கலாம். இந்தியர்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒருத்தர் எழுதுவார், அமெரிக்கர்களை விட இந்தியர்கள் தெளிவுன்னு இன்னொருத்தர் எழுதுவார். எனக்குப் படுறது, பேர் தெரியாதவங்களுக்கு விஷயம் தெரியும். ஆத்துல தண்ணி வர்ற தேதி, அறுப்பு நேரத்துல கொட்டுற மழை, இதெல்லாம் உங்களுக்கு யாரும் விளக்கம் குடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லையே. பேரைச் சொல்லிக் கேட்டுட்டு, தெரியாதுன்னு வந்ததும் அக்கறை இல்லன்னு எழுதிட்டா அது உங்க மேல பண்ற அநியாயம். அதே நேரம் விளக்கம் சொன்னதும் ஆமான்னு சொன்னவங்க எல்லாரும் காரணத்தையும் சேர்த்துப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எடுத்துக்கவும் முடியாது. 84ன்னு எழுதுற இடத்துல விளக்கம் குடுத்த பிறகுன்னு ரெண்டு வார்த்தை சேர்த்தே ஆகணும்.

ஒரு மாணவர், திருச்சி: எங்க காலேஜ்ல சர்வே எடுக்கப் போறோம். எங்க முதல் கேள்வி: "தொழிற்சாலைகளும் வாகனங்களும் பூமியை நாசமாக்குவதால் அரசு உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" சரியா இருக்கா?

உங்க ஆர்வம் நல்லாத் தெரியுது தம்பி, ஆனா இந்தக் கேள்விக்கு 95 சதவீதம் ஆமா வந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. கல்யாண வீட்டுல சாப்பாடு பிரமாதம்தானேன்னு வாசல்ல நின்னு கேக்குற மாதிரி இது, யாரு இல்லன்னு சொல்லுவா? "நாசமாக்குவதால்"னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. காரணம் ஒண்ணு, அரசு என்ன செய்யணும்ங்கிறது இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே கேள்வில கட்டிட்டீங்க. தொழிற்சாலைதான் காரணம், ஆனா அரசு தலையிட வேண்டாம்னு நினைக்கிறவர் எங்க டிக் அடிப்பார்?

பிரிச்சுக் கேளுங்க. உங்க ஊர்ல கடந்த இருபது வருஷத்துல வெயில் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அப்படியே இருக்கா, தெரியலையா? அப்புறம் தனியா காரணம், மனுஷங்க செய்யுறது, இயற்கை, ரெண்டும் சமமா, தெரியல. அப்புறம் அரசு இப்போ செய்யுறது போதுமா, அதிகமா, குறைவா? காசு பத்திக் கேட்டா தொகையைப் போட்டுக் கேளுங்க. ஆப்ஷன் வரிசையை பாதி ஃபார்ம்ல தலைகீழா மாத்துங்க. எந்தச் சொல்லு போடுறதுன்னு உங்களுக்குள்ள சண்டை வந்தா ரெண்டு விதமாவும் ஃபார்ம் அடிச்சு, சீட்டுக் குலுக்கி பாதிப் பாதியா குடுங்க, வித்தியாசம் வந்தா அதுவே உங்க பிராஜெக்ட்டோட நல்ல பகுதியா இருக்கும். எல்லாத்துக்கும் முன்னாடி, காலேஜுக்கு வெளிய பஸ் ஸ்டாண்டுல ஒரு பத்துப் பேர்கிட்ட வாசிச்சுக் காட்டி, இதுல என்ன கேக்குறோம்னு உங்க வார்த்தைல சொல்லுங்கன்னு கேளுங்க, கேள்வி புரியுதா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுடும். ரிப்போர்ட்ல ஒவ்வொரு சதவீதத்துக்கும் மேல கேள்வியை முழுசா, கேட்ட அதே வார்த்தைல போடுங்க.

இன்னொண்ணு, எடுத்த தேதியையும் போடுங்க. இன்னைக்கு வழக்கத்தை விட வெயில் ஜாஸ்தின்னு நினைக்கிறவங்க பூமி சூடாகுதுன்னு அதிகமா நம்புறாங்கன்னு கொலம்பியா யூனிவர்சிட்டி ஆட்கள் 2011லயே காட்டியிருக்காங்க. அதனால ஃபார்ம்ல பாதியை கத்திரி வெயில்லயும் மிச்சத்தை மார்கழிலயும் வாங்கிட்டு ஒரே கணக்குல சேர்த்துடாதீங்க, முடிஞ்சா எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிச்சுடுங்க.